மகளை எழுப்பிய கை

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். எத்தனையோ முறை பேனாவை எடுத்து அப்படியே மூடி வைத்திருக்கிறேன். எண்பதைத் தாண்டிவிட்டேன். மேலே போனதும் அந்த முருகன் கேட்குமுன் நானே சொல்லிவிடுவது நல்லது.

கண்ணுக்குள் நிற்பது ஒரு காலை. புதுக்கோட்டை சமஸ்தானம் போய் ஏழெட்டு வருடம் இருக்கும். குளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். மனைவி விடியுமுன்பே களையெடுக்கப் போய்விடுவாள். பிள்ளைகளை எழுப்பி, குளிப்பாட்டி, திருநீறு பூசிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என் பொறுப்பு. பெரியவன் ஒரு குரலுக்கு எழுந்துவிடுவான். இரண்டாம் வகுப்பு படித்த மகள்தான் ஒரு நாள் கூப்பிட்டதும் துள்ளி எழுவாள், மறுநாள் தொண்டை வற்றக் கத்தினாலும் அசையமாட்டாள். “ஒங்க ஆத்தா மாதிரியே அழுத்தம்” என்று திட்டுவேன். நடிக்கிறாள் என்றே நம்பினேன். முதலில் தண்ணீர் தெளித்தேன், பிறகு கிள்ளினேன். பிறகு கன்னத்தில் அறையவும் பழகிவிட்டேன். அன்று கொஞ்சம் பலமாகவே விழுந்துவிட்டது.

பதறி எழுந்தவள், “கூப்புட்டிருக்கலாம்லப்பா?” என்றாள்.

“மூணு வாட்டி கத்துனேனே, காதுல விழலையா?”

“கேக்குற காத அடியில வச்சுப் படுத்துட்டேன்ப்பா.”

எனக்கு விளங்கவில்லை. இடது காதைத் தொட்டுக் காட்டி, “இது கேக்காதுல்ல. எல்லாருக்கும் ஒண்ணுதானப்பா கேக்கும்? இன்னொண்ணு சோடிக்குத்தானே?” என்றாள்.

“அடி கூறுகெட்டவளே, எனக்கு ரெண்டும் கேக்குமே” என்று பெரியவன் சிரித்தான். அவள் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

அவளுடைய வலது காதை நன்றாகப் பொத்திக்கொண்டு, முகத்தைத் திருப்பி வைத்து, “முருகா” என்றேன்.

“ம், சொல்லுங்கப்பா” என்று, நான் இன்னும் வாயே திறக்காததுபோலக் காத்திருந்தாள்.

அன்று திருநீறு பூசக் கை எழவில்லை. அவளோ வழக்கம்போல நெற்றியைக் காட்டி நின்றாள். புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தக் காது இனி வராது என்றார் டாக்டர். “நான் அடிச்சதாலயா ஐயா?” என்று கேட்டேன். “எப்பப் போச்சு, எதனால போச்சுன்னு இப்பச் சொல்ல முடியாதுங்க” என்றார். இத்தனை வருடமாக எனக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவள் பாதத்தைத் தொட்டுத்தான் எழுப்பினேன்.

இப்போது அவளுக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சோடிக் காதுக் கதையை அவர்களிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். “எங்கப்பா காலத் தொட்டுத்தான் எழுப்புவாரு” என்று முடிப்பாள். அடித்ததைச் சொல்வதேயில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

படிக்கிறவர்கள் இதை யாரிடமாவது சொன்னால் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நான் அடித்ததையும் சேர்த்தே சொல்லுங்கள்.