அடைக்கலமேரி அக்காவின் கலப்புக் கட்டி

ஜெகதாப்பட்டினம் துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் அடைக்கலமேரி என் உடன்பிறந்த அக்கா. அவள் குரல் கேட்டால்தான் வியாபாரிகள் கூடுவார்கள். பீடிப் புகை வந்தாலே விரட்டி அடிக்கிற அவளுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்றதும் எனக்குக் கடவுள் மேலேயே கோபம் வந்தது.

திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் அபிராமி பொறுமையாகத்தான் சொன்னார். "ஒரே கட்டியில ரெண்டு வகை செல் இருக்குங்க. கலப்பு வகைன்னு சொல்வோம்."

அதற்கு மேல் அக்கா காதில் எதுவும் ஏறவில்லை. வலையில் கலந்துகட்டி வரும் பொடிமீனை நாங்கள் சங்காயம் என்போம். அதை யாரும் தரம் பிரிப்பதில்லை. அப்படியே கோழித் தீவனத்துக்கு அள்ளிவிடுவார்கள். கலப்பு என்றதும் தன் கதையும் அவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிட்டாள்.

ஊருக்கு வந்ததும் ஏலம் விடும் வேலையைத் தன் பக்கத்தில் நின்று மீன் எடை போடும் பிச்சையிடம் ஒப்படைத்தாள். எனக்கு அவளுடைய பட்டுப்புடவை. பொய் சொல்வானேன், நல்ல புடவை, வாங்கிக்கொண்டேன். பிறகு சண்டை போட்டு அவளை மறுபடி திருச்சிக்கு இழுத்துப் போனேன்.

"சங்காயத்துல பாக்க என்னங்க இருக்கு?" என்றாள் டாக்டரிடம். நான் விளக்கியதும் அவர் சிரித்துவிட்டார்.

"நாங்க பிரிச்சுப் பாப்போம்ங்க. ரெண்டு வகை செல்லையும் தனித்தனியா எடுத்து டி.என்.ஏ. சோதிப்போம். மாத்திரைக்குக் கட்டுப்படுற மரபணு மாற்றம் ரெண்டுலயும் இருந்தா மாத்திரையே போதும். இல்லாட்டி கீமோ ஏத்தணும்."

"கீமோ ஏத்துனா ஏலத்துக்கு நிக்கலாமா?"

"கொஞ்ச மாசம் கஷ்டம்தாங்க."

அன்றிலிருந்து ரிசல்ட் வரும்வரை அக்கா வைத்த குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. கவலையில் ஒருநாள் உப்பை மறந்தாள், ஒருநாள் ரெண்டு தடவை போட்டாள்.

கடைசியில் டாக்டர் எங்களைத் திருச்சிக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "ரெண்டுலயும் அதே மாற்றம் இருக்குங்க. ஒரே செல்லுலேருந்து கிளைச்சதுதான். மாத்திரை போதும். முழுசா குணமாகும்னு சொல்லமாட்டேன், ஆனா நல்லா அடக்கி வைக்கும்."

பஸ் ஏறியதும் அக்கா முதல் வேலையாகப் புடவையைத் திருப்பிக் கேட்டாள்.

மாத்திரையில் இருமல் தணிந்தது, முகமெல்லாம் பரு கிளம்பியது. "எனக்குக் கொமரி வயசு திரும்பிருச்சுடி" என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள்.

துறைமுகத்துக்குத் திரும்பிய அன்று அவள் கூவிய முதல் விலை மெலிந்துதான் வந்தது. பாவம் என்று பிச்சை அதையே உரக்கக் கூவினான்.

"நான் என்ன செத்தா போயிட்டேன்? தள்ளி நில்லுடா" என்றாள் அக்கா.

அவன் சிரித்துக்கொண்டே நகர்ந்தான். அக்கா அடுத்த விலையைக் கூவினாள். நான் மீன்கூடைகளுக்கு நடுவே நின்று அழுதேன்.