கறுப்பு இறங்காத ஒயில்

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் படிப்பித்தவன் நான். இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து சினியோரா என்கிற வீட்டுக்காரிகளின் மாடிப்படிகளைக் கழுவி ஓய்ந்த பிறகும் எங்கள் ஆட்கள் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லைத் தின்றே இத்தனை வருடம் கொழுத்திருக்கிறேன்.

பலெர்மோவின் சீசா என்ற பகுதியில், எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில், யாழ்ப்பாணத்தார் காட்டு ஊர் என்று இளக்காரமாகப் பார்க்கும் வன்னியிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். பாவித்த டீசல் வான் ஒன்று வைத்திருந்தார். வீடு மாறுகிறவர்களின் கட்டில், அலுமாரிகளை ஏற்றி இறக்குவது அவருடைய சீவியம். வான் நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. இத்தாலிய மொழியைக் கையால்தான் பேசுவார். இந்த ஊரில் அது போதும் என்பது வேறு கதை.

பிரான்காச்சோப் பக்கம் ஒரு கராஜ்காரன், சட்டப்படி ஒப்படைக்க வேண்டிய கழிவு எஞ்சின் ஒயிலை இவருக்குக் கலன் கலனாகச் சும்மா கொடுக்கத் தொடங்கினான். பெருந்தன்மை இல்லை, தன் அழுக்கை இன்னொருவன் தலையில் கட்டும் கெட்டித்தனம். கொடுத்தவன் அயோக்கியன், வாங்கியவர் மடையன் என்று நினைத்துக்கொண்டேன். என்னை எந்தப் பக்கத்திலும் சேர்க்கவில்லை.

போர்க்காலத்தில் வன்னிக்கு எரிபொருள் விடாத பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஒயில் கலந்து உழவு இயந்திரம் ஓட்டியவர் அவர். அங்கே ஓடியது இங்கே ஓடாதா? ஒயிலைப் பழைய சாரத் துணியால் வடித்து, கறுப்பை அடியில் அடைய விட்டு, மேலால் எடுத்து டீசலோடு கலப்பதாகத் திட்டம். பத்தாம் நாள் ஒரு போத்தலுடன் என் கதவைத் தட்டினார். அவருடைய மனைவியும் பின்னால் வந்திருந்தார்.

“மாஸ்டர், ஒருக்காப் பாருங்கோ. கறுப்பு இறங்குதில்லை. அங்கை எண்டால் மூண்டு நாளிலை அடியிலை சேறு மாதிரி நிக்கும்.”

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேலும் கீழும் ஒரே மை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. நான் படிப்பித்த புத்தகங்களில் இந்தக் காலத்து எஞ்சின் ஒயில் இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு ட்ராக்டர்காரனிடம் அதைச் சொல்வதா?

“அது வெறும் நிறம். வடிச்சாச்சு, பிறகென்ன? ஊத்தும்.”

“மனம் ஒப்புதில்லை மாஸ்டர். விரலாலை உரஞ்சினால் கரி ஒட்டுது.”

“உம்மடை விரல் என்ன ஆய்வுகூடமோ? உழவு மிசினை விட்டால் உமக்கு என்ன தெரியும், ஐசே?”

நான் சிரித்தேன். மனைவியும் சேர்ந்து சிரித்தார். “படிச்ச மனுசன் சொல்லுறார். பேசாமல் ஊத்துங்கோவன்.”

ஊற்றினார். இரண்டு கிழமை வான் ஓடியது. எங்கள் ஆட்கள் ஞாயிறுகளில் கூடும் தேவாலய வாசலில் என் கெட்டித்தனத்தை நானே பரப்பினேன். பிறகு ஒரேத்தோ வீதியில், யாரோ ஒரு சினியோராவின் அலுமாரியைச் சுமந்தபடி, கரும்புகை கக்கி நடுத்தெருவில் நின்றது. டீசலைத் தூவும் நொசில்களைக் கழற்றிய மெக்கானிக் உள்ளே பசைபோல் அப்பியிருந்த கரியைக் காட்டினான். பம்பும் போய்விட்டது, வானை இரும்புக்குப் போடுங்கள் என்றான்.

அதற்குப் பிறகுதான் தேடி வாசித்தேன். இந்த ஒயிலில் கரியை அடைய விடாமல் மிதக்க வைக்கும் சேர்மானங்கள் உண்டு. நுண்ணிய கரி துணியிலும் நிற்காது. பழைய உழவு இயந்திரம் பொறுத்துக்கொண்டதை இந்த எஞ்சின் பொறுக்காது. அவருடைய விரலுக்குத் தெரிந்தது என் பட்டத்துக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் ஆட்கள் விசாரித்தபோது அவர் சொன்னார்: “மாஸ்டர் சரியாத்தான் சொன்னவர். நான்தான் வடிக்கேக்கை அவசரப்பட்டிட்டன்.” என்னைக் காப்பாற்றச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். அருகில் நின்ற நான், “ஓம், வடிக்கிறதிலை கவனம் வேணும்” என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

இப்போது அவர் வேறொருவனின் வானுக்குச் சாமான் தூக்குகிறார். ஒரு வருடம் கழித்து, போன மாதம்தான், கீழே இறங்கிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரியாட்டில் தெரியாதெண்டு சொல்லியிருக்கலாம். அண்டைக்கு என்னை ஏன் பகிடி பண்ணினனீங்கள்? அவளுக்கு முன்னாலை?”

வானைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நீ வன்னியான், நான் படித்தவன் என்பதுதான் என்னிடம் இருந்த ஒரே பதில். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாமல் படியேறி வந்துவிட்டேன்.