லிஃப்ட்காரி வீட்டு சர்வர்

எங்கள் கட்டடத்தில் அவளை எல்லோரும் லிஃப்ட்காரி என்றுதான் சொல்வோம். முகத்துக்கு நேராகவே சொல்வோம். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவள் கோபித்துக்கொண்டதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் சுள்ளென்று வந்துவிடும். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் பதினேழு வருஷம் வேலை. நாற்பத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்றாவது மாடியில் இருந்தாள். நான் அவளுக்கு நேர் கீழே, இரண்டாவது மாடியில். வீட்டிலேயே பல் செட் செய்து டாக்டர்களுக்குக் கொடுப்பது என் தொழில். அதனால் அவளுக்கு நான் பல்லண்ணன்.

அவளோடு ஆறு வருஷம் ஜோடியாக வேலை பார்த்த ஒருவர் இருந்தார். கிரீஸ் என்று பட்டப்பெயர். ஒரு பதினோரு மாடிக் கட்டடத்தில் லிஃப்டின் பிரேக் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று அவள் கம்பெனியின் போன் ஆப்பில் மூன்று முறை எழுதிப் போட்டிருந்தாள். யாரும் மாற்றவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிரீஸ் லிஃப்டுக்கு அடியில் இருக்கிற குழிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தபோது லிஃப்ட் அவர்மேல் இறங்கியது. மேலே மோட்டார் அறையில் இருந்தவள் இவள்தான். அவரை வெளியே எடுக்க மூன்று மணி நேரம் ஆனது. இவள் கீழே ஓடி வந்த பிறகு முதல் அரை மணி நேரம் அவர் பேசிக்கொண்டிருந்தாராம். "கால் இருக்கா பாரும்மா, எனக்குத் தெரியல" என்று கேட்டாராம். இருக்கு என்று இவள் பொய் சொன்னாளாம்.

அவருடைய காரியம் எல்லாம் முடிந்து வேலைக்குப் போன அன்று அவள் ஆப்பைத் திறந்து பார்த்தாள். அவள் எழுதிய மூன்று வரிகளும் அங்கே இல்லை. அந்த இடத்தில், பிரேக் நல்ல நிலையில் உள்ளது என்று அவள் பெயரிலேயே இருந்தது. மேனேஜர் அறைக்குப் போய்க் கேட்டாள். "சிஸ்டத்துல என்ன இருக்கோ அதுதாம்மா இருக்கு" என்றார் அவர். அவள் மேசைமேல் இருந்த கண்ணாடி பேப்பர் வெயிட்டை எடுத்து அவர் தலைக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் எறிந்தாள். தலைக்குத்தான் குறி வைத்தேன், தப்பிவிட்டது என்று என்னிடம் பிறகு சொன்னாள். உண்மை வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் கம்பெனி அவளைப் பற்றிப் போலீசிலும் சொல்லவில்லை, வேலையை விட்டும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் வீட்டிலேயே சர்வர் வைத்தாள், அதாவது எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற சொந்தக் கம்ப்யூட்டர். நாம் எல்லோரும் நம் படங்களையும் எழுத்துகளையும் எங்கோ இருக்கிற ஏதோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் போட்டு வைக்கிறோம். அவன் வைத்திருந்தால் உண்டு, அழித்தால் போச்சு. அவள் ஒரு ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து, இரண்டு புது ஹார்டு டிஸ்க் போட்டு, வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்று, தன் வீட்டுச் சமையலறைப் பரணில் அதை ஓடவிட்டாள். வேலை செய்யும் ஒவ்வொரு லிஃப்டையும் படம் எடுப்பாள். போனில் எடுத்த படம் நேராக வீட்டுப் பெட்டிக்குப் போய்விடும். வாசலுக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று என்று இரண்டு கேமராக்கள் வைத்து அவற்றின் பதிவையும் அதிலேயே சேர்த்தாள்.

"வீடு பத்திக்கிட்டா என்னம்மா பண்ணுவே?" என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டுத் தொலைத்தேன். அந்த வாரமே பால்கனி வழியாக ஒரு நீல ஒயர் என் வீட்டுக்குள் இறங்கியது. என் பிளாஸ்டர் மூட்டைகளுக்குப் பக்கத்தில் இரண்டாவது பெட்டி ஒன்று உட்கார்ந்தது. மேலே வருகிற படங்களுக்கு அப்போதே ஒரு நகல் கீழே வந்துவிடும்; கேமராக்கள் இரண்டும் மேல் பெட்டிக்கும் கீழ்ப் பெட்டிக்கும் தனித்தனியாக அனுப்பும்.

"கரண்டு மட்டும் குடுங்க பல்லண்ணே. பாஸ்வேர்டு இந்தச் சீட்டுல இருக்கு. திறந்து பார்க்கக்கூடாது."

நானும் திறக்கவில்லை.

அவளுக்கு ஒரே தங்கை. பத்து வயது சின்னவள். செல்போன் கடை வைத்திருந்த ஒருவனைக் கட்டிக்கொண்டிருந்தாள். கடைக்காரன் ஆள் பார்க்க லட்சணமாக இருப்பான். எப்போது பார்த்தாலும் சிரிப்பான். என்னை "வாங்க சார், போங்க சார்" என்பான். ஒருநாள் லிஃப்ட்காரி தங்கையை என்னிடம் கூட்டி வந்தாள். முன்பல் ஒன்று வேரோடு போயிருந்தது. பக்கத்துப் பல் ஆடிக்கொண்டிருந்தது.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றாள் தங்கை.

வாயைத் திறக்கச் சொல்லி அச்சு எடுத்தேன். மேலுதட்டின் உட்புறம் நாலு இடத்தில் கிழிந்திருந்தது. இரண்டு பழசு, இரண்டு புதுசு. கதவு அப்படி நாலு முறை அடிக்காது. இருபத்தைந்து வருஷமாக வாய்களைப் பார்க்கிறவன் நான், எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஒன்றும் கேட்கவில்லை. லிஃப்ட்காரி சுவரோரம் நின்று தங்கையின் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. தங்கையின் போன் கடைக்காரன் கொடுத்தது. அதில் எடுக்கிற படம் எல்லாம் அவன் கடைக் கம்ப்யூட்டரிலும் தெரியும். வீங்கிய கண்ணை ஒருமுறை படம் எடுத்தாளாம். பத்து நிமிஷத்தில் கடையிலிருந்து போன். "என்னடி, எக்ஸிபிஷன் வைக்கப் போறியா?" சாயங்காலம் வந்து, படம் எடுத்த கையின் சுண்டுவிரலைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினானாம். படத்தையும் அழித்துவிட்டான். போலீசுக்குப் போனால் காட்ட ஒன்றும் இல்லை. ஊர் முழுக்க அவனுக்கு நல்ல பேர்.

லிஃப்ட்காரி அன்றே ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தங்கை காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. கடைசியில் ஒரு பழைய போனைத் தன் சர்வரோடு மட்டும் பேசுகிற மாதிரி அமைத்துக் கொடுத்தாள். தங்கை அதை நாப்கின் பெட்டிக்குள் ஒளித்து வைத்தாள். அவன் கை வைக்காத ஒரே இடம் அதுதான். பதினான்கு மாதத்தில் இருநூற்றாறு படங்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் தேதியும் நேரமும். நான் பின்னால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதாயிற்று. கழுத்தில் பெல்ட் தடம். முதுகில் இஸ்திரிப் பெட்டியின் முனை. ஒரு படத்தில் ஒன்றுமே இல்லை, குளியலறைத் தரையில் ஒரு கொத்து முடி மட்டும்.

அந்த முடிப் படம் வந்த மறுநாள் தங்கை உடுத்திய துணியோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். அவசரத்தில் அந்த ரகசியப் போனை எடுக்க மறந்துவிட்டாள். கடைக்காரன் வீட்டைக் கலைத்துப் போட்டுத் தேடியதில் அது கிடைத்தது. போன் அவன் தொழில். திறந்து, படங்கள் எங்கே போகின்றன என்று கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு ராத்திரி போதுமானதாக இருந்தது.

காலை பதினொரு மணிக்கு வந்தான். கடை ஷட்டரை இழுக்கிற இரும்புக் கம்பி கையில். நான் ஒரு பல் அச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேலே கதவு உடைகிற சத்தம் கேட்டது. அச்சைக் கையில் வைத்தபடியே படியேறினேன். நடுப்படி வரைக்கும் போனேன். அதற்கு மேல் கால் வரவில்லை. அவன் குரல் கேட்டது.

"அண்ணி, கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன். அவளை அனுப்புங்க. அந்தப் பெட்டியையும் குடுத்துடுங்க. நமக்குள்ள எதுக்கு வம்பு?"

"உசுரோட வெளிய போ மாப்பிள்ளை. இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்."

அடுத்து வந்தது மரத்தில் அடித்த சத்தம் இல்லை. எலும்பின் சத்தம் எனக்குத் தெரியும். அவள் இடது கை முழங்கைக்கு மேலே முறிந்தது அப்போதுதான். இரண்டாவது அடி காதோடு சேர்த்து விழுந்ததையும் மற்றதையும் பின்னால் பதிவில்தான் பார்த்தேன். அவள் சுவரில் சரிந்ததும், அவன் நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து பெட்டியை இழுத்துத் தரையில் போட்டு, கம்பியால் அடி அடியென்று அடித்தான். டிஸ்குகளை வெளியே எடுத்து அவற்றைத் தனியாக அடித்தான். எதை அடிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பிறகு குளியலறைக் கதவுப் பக்கம் திரும்பினான். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தங்கை கத்திக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட்காரி ஒற்றைக் கையால் வேலைப் பையிலிருந்து ரெஞ்சை எடுத்தாள். பின்னால் வந்து அவன் முழங்காலில் முதல் அடி கொடுத்தாள். அவன் மடங்கித் திரும்பியபோது தாடையில் ஒன்று. கீழே விழுந்தான். கம்பி உருண்டு போய்விட்டது. அவள் நிறுத்தவில்லை. அவன் "அண்ணி அண்ணி" என்று சொன்னதும், பிறகு சொல்ல முடியாமல் போனதும் எனக்குப் படியில் கேட்டது. தங்கைதான் தாழ்ப்பாளைத் திறந்து ஓடி வந்து அவள் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"அக்கா, போதும்! செத்துடுவான்க்கா!"

எல்லாம் அடங்கிய பிறகு நான் உள்ளே போனேன். ரத்தத்தில் கால் வழுக்கியது. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணியது நான்தான். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

கடைக்காரன் பிழைத்துக்கொண்டான். தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். பேப்பரில் எழுதி வாக்குமூலம் கொடுத்தான். மனைவியைச் சமாதானம் செய்யப் போனேன், அண்ணி கூப்பிட்டு வைத்துக் கொல்லப் பார்த்தாள், பெட்டியையும் அவளே கோபத்தில் உடைத்தாள் என்று எழுதினான். மேலே இருந்த பெட்டி நொறுங்கிக் கிடந்தது. அவன் நிம்மதியாக இருந்தான்.

போலீசிடம் கொடுப்பதற்கு முன்னால், அந்தப் பாஸ்வேர்டு சீட்டை வைத்து நான் என் வீட்டுப் பெட்டியைத் திறந்தேன். எல்லாம் இருந்தது. இருநூற்றாறு படங்களும் இருந்தன. கதவை உடைத்தது, கம்பி, கை முறிந்தது எல்லாம் இருந்தன. கேமரா உடையாமல் கீழ்ப் பெட்டிக்கு அனுப்பிக்கொண்டே இருந்ததால் அதற்கு மேலும் இருந்தது. அவன் விழுந்த பிறகு அவள் அடித்த ஏழு அடிகள். ஒவ்வொன்றும் தெளிவாக. வாசல் கேமராவில் இன்னொன்றும் இருந்தது. நடுப்படியில் ஒரு ஆள், கையில் பல் அச்சு, இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி அசையாமல் நிற்கிறான்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கையில் கட்டு, தலையில் கட்டு. வலது காதுப் பக்கம் வந்து பேசச் சொன்னாள். இடது காது கேட்காமல் போயிருந்தது.

"விழுந்ததோட வெட்டிடலாம்மா. மீதி பதிவாகலைன்னு சொல்லிக்கலாம். பெட்டி உடைஞ்ச நேரம்தானே, நம்புவாங்க."

"முழுசா குடுங்க."

"உனக்கு என்ன பைத்தியமா? உன்னையும் உள்ள போட்டுடுவாங்க."

"போடட்டும். ஒரு நிமிஷம் வெட்டினது தெரிஞ்சா மீதி எல்லாமே பொய்யின்னு அவன் வக்கீல் நிப்பான். தங்கச்சி படம் அத்தனையும் வீணாப் போகும்." என் பக்கம் தலையைத் திருப்பினாள். "ஆமா, அதுல நீங்களும் தெரியறீங்களோ?"

"தெரியறேன்" என்றேன்.

"அதையும் சேர்த்துக் குடுங்க அண்ணே."

கொடுத்தேன். கோர்ட்டில் பெரிய திரையில் போட்டார்கள். படங்கள் ஒவ்வொன்றாக வந்தபோது தங்கை தலையைக் குனியவில்லை. ஏழு அடிகளையும் ஒன்று விடாமல் போட்டார்கள். என் முறை வந்தபோது கட்டடத்துக்காரர்கள் சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்; இன்றைக்கும் சிலர் பார்க்கிறார்கள். கடைக்காரனுக்கு ஏழு வருஷம். அவளுக்கு, தற்காப்பு எல்லை மீறியதற்காக, பத்து மாதம்.

பத்து மாதமும் உள்ளே இருந்துவிட்டு வந்தாள். புருவத்தில் ஒரு புதுத் தழும்பு இருந்தது. எப்படி என்று கேட்டதற்கு, "உள்ள தண்ணி பிடிக்கறதுல பக்கெட் சண்டை" என்று மட்டும் சொன்னாள். இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. இனி குழியில் இறங்க முடியாது, கம்பெனியும் கூப்பிடவில்லை. சின்னச் சின்னக் கட்டடங்களுக்கு லிஃப்ட் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுக்கிற வேலை கிடைத்தது. அந்தப் பத்து மாதமும் தங்கை மேலே புதுப் பெட்டி வாங்கி வைத்து, என் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தாள். சந்தேகம் வந்தால் ஜெயிலுக்குப் போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்டுவிட்டு வருவாள். உள்ளே இருந்த காவலர்களுக்கே பாதி பாடம் வந்திருக்கும்.

ஒரு மத்தியானம் அவள் என் அறையில் உட்கார்ந்திருந்தபோது தானாகவே பேசினாள்.

"அந்தக் கடைசி அடிங்க இருக்கே அண்ணே. அவன் கையைத் தூக்கிட்டான், முடியலன்னு எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் அடிச்சேன். நல்லா இருந்துச்சு. கிரீஸ் அண்ணன் போனதுலேர்ந்து உடம்புல அவ்வளவு நல்லா இருந்ததே இல்லை. அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

தேய்த்துக்கொண்டிருந்த பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் கடைக்காரனின் தண்டனை மேல்முறையீட்டில் குறைந்தது. வருகிற கோடையில் வெளியே வந்துவிடுவான். அன்று மேலே அக்காவும் தங்கையும் சண்டை போட்டது எனக்குக் கேட்டது.

"வரட்டும். இந்தத் தடவை என்கிட்ட ஒரு கைதான் இருக்கு. அது போதும்."

"அதுக்குத்தான் போகணும்ங்கறேன். நீ அவனைக் கொன்னுடுவேக்கா. அவன் வந்து உன்னை அடிப்பான்னு எனக்குப் பயமில்லை. நீ இன்னொரு தடவை உள்ள போறதைப் பார்க்க என்னால முடியாது."

பிறகு எதுவோ உடைந்தது, தட்டாக இருக்கும். அதன் பிறகு யாரோ அழுதார்கள். அக்காவா தங்கையா என்று கீழேயிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

நேற்றுக் காலை வீட்டைக் காலி செய்தார்கள். இந்த முறை நான் நடுப்படியில் நிற்கவில்லை. மேலே போய்ப் பெட்டியையும் டிஸ்குகளையும் துணியில் சுற்றி நானே வண்டியில் ஏற்றினேன். தங்கை முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். லிஃப்ட்காரி பின்னால் சாமான்களோடு உட்கார்ந்துகொண்டாள். எங்கே போகிறார்கள் என்று எனக்கு மட்டும் சொன்னார்கள். அதை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.