குகை வாசலில் கிடந்த செருப்பு

பிற்பகல் மூன்று இருபது. கூடையை இறக்கிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது, வைன் குகை வாசலில் என் எட்டு வயது மகளின் சிவப்புச் செருப்பு இரண்டும் ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன.

அதுவரை அன்று கொண்டாட்டம்தான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு செப்டெம்பர் ஞாயிறு. இத்தாலியில், மொண்டெல்லோவில் நான் வேலை செய்த வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் அண்ணனுக்கு, பலெர்மோவுக்குப் பின்னாலுள்ள மலைப்பக்கத்தில், பாட்டனார் நட்ட திராட்சைத் தோட்டம் இருந்தது. பழம் பறிக்கக் குடும்பமாக வரச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் திராட்சை என்றால் பந்தல்தான். இங்கேயோ இடுப்பளவு உயரத்தில், முறுகிய கிழட்டுக் கட்டைகள் தனித்தனியாக நின்றன. அவற்றில் அப்படியொரு காய்ப்பு! நானும் கணவரும் போட்டி போட்டுக் கூடைகளை நிரப்பினோம்.

சிஞ்ஞோராவின் அண்ணன் தன் வைனுக்குள் எதையும் போடமாட்டார். கடையில் விற்கும் ஈஸ்ட்கூட வேண்டாம், பழத்தோடு வந்ததே போதும் என்பார். பக்கத்துத் தோட்டக்காரர் தன் பழத்தையெல்லாம் தொழிற்சாலைக்கு விற்பவர். மூன்று சில்லு வண்டியை வேலியோரம் நிறுத்திக் கத்தினார்.

"ஏய் வினாகிரிக்காரா! இந்த வருசமாவது குடிக்கலாமா, இல்லை புளித்துக் காடியாகிச் சலாட்டுக்குத்தான் ஊற்றலாமா?"

"உனக்கு ஒரு கிளாஸ்கூடக் கிடையாது, போ!" என்று இவர் திருப்பிக் கத்தினார்.

முந்தின வாரம் மிதித்த கறுப்புப் பழம் குகைக்குள், பெரிய கற்தொட்டியில் புஸ்ஸென்று இரைந்து பொங்கிக்கொண்டிருந்தது. காலையில் சிஞ்ஞோராவின் அண்ணன் சிலுவை அடையாளம் போட்டு, எரியும் மெழுகுதிரியை முன்னே நீட்டிக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்தோம். பொங்கும் பழத்திலிருந்து வரும் வாயு தரையில் தங்கும், திரி அணைந்தால் உடனே திரும்பவேண்டும், இல்லாவிட்டால் மயங்கி அங்கேயே முடிந்துவிடும் என்றார்.

"எங்கடை ஊரிலை கிணறு இறைக்க முதல் லாம்பை இறக்கிப் பாக்கிற மாதிரி," என்று கணவர் எனக்குச் சொன்னார்.

மகளும் பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் சைவக்காரர். ஆனாலும் பலெர்மோத் தமிழர் எல்லாரையும் போலப் புனித ரொசாலியாவின் மலைக்குகைக் கோயிலுக்குப் போவோம். குகை, மெழுகுதிரி, சிலுவை அடையாளம். அவளுக்கு இதுவும் கோயில்தான். கோயிலென்றால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவாள்.

"இஞ்சாருங்கோ! பிள்ளை உள்ளுக்கை போயிட்டாள்!"

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? இப்பத்தானே உம்மோடை நிண்டவள்!"

"செருப்பைப் பாருங்கோ!"

சிஞ்ஞோராவின் அண்ணன் ஓடிவந்தார். "மறந்து விட்டுப் போயிருப்பாள்."

"எங்கள் பிள்ளைகள் அப்படி மறப்பதில்லை. உள்ளே போவதென்றால்தான் வாசலில் கழற்றுவார்கள்," என்றேன். என் இத்தாலியன் எப்படி அவ்வளவு தெளிவாக வந்ததோ தெரியாது. அவர் முகம் வெளிறியது.

மெழுகுதிரியைக் கொளுத்தி வாசலுக்குள் குனிந்தார். இடுப்பளவில் அது அணைந்தது. என் மகள் அதைவிடக் கொஞ்சம்தான் உயரம்.

கணவர் உள்ளே பாய்ந்தார். சிஞ்ஞோராவின் அண்ணன் அவரைச் சட்டையில் பிடித்து இழுத்தார். "நீ விழுந்தால் இரண்டு பேரைத் தூக்கவேண்டும்!" கயிற்றைத் தன் இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கணவரிடம் கொடுத்து, மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு ஓடினார். திரும்பி வந்து இருமினார்.

"தரையில் இல்லை."

"தொட்டிக்குள்?" என்றேன்.

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். தொட்டியில் ஏணி சாத்தியிருந்தது.

குகையின் வெளிச்சுவரில், சாற்றை வடிக்கும் தொட்டியின் வாய் இருந்தது. அதை ஒரு மரக்கட்டை அடைத்திருந்தது. ஒரு வருச உழைப்பும், பக்கத்துத் தோட்டக்காரருக்குச் சொல்ல வைத்திருந்த பதிலும் அதற்குப் பின்னால்தான். அவர் யோசிக்கவேயில்லை. சுத்தியலால் இரண்டு அடி. கட்டை பறந்தது. சிவப்புச் சாறு சீறிப் பாய்ந்து சரிவில் ஓடியது. கணவர் அதற்குள் முழங்காலிட்டு இரு கைகளாலும் துழாவினார். நான் கண் இமைக்காமல் அவளுடைய பச்சை ரிப்பனைத் தேடினேன். அது வந்துவிடக்கூடாது என்று எந்தத் தெய்வத்தைக் கூப்பிட்டேன், மாதாவையா முருகனையா, நினைவில்லை. இன்றும் வாசலில் தனியாக ஒரு சோடிச் செருப்பைக் கண்டால் அந்தப் புளித்த வாசம் மூக்கில் அடிக்கும்.

ஹோர்ன் கேட்டது. மூன்று சில்லு வண்டி.

"வினாகிரிக்காரா, உன் வைன் றோட்டுக்கு வந்துவிட்டது!" என்று பக்கத்துத் தோட்டக்காரர் கத்தினார். "இதுவும் வெறுங்காலோடு றோட்டில்தான் நின்றது. யாருடையது?"

பின்னால் பழப்பெட்டிகளின் மேல் என் மகள். ரிப்பன் தலையிலேயே இருந்தது. அழுது முகம் வீங்கியிருந்தது. நான் ஓடிப்போய்த் தூக்க முதலே தொடங்கிவிட்டாள்.

"அம்மா, அந்தக் கோயிலுக்கை ஆரோ பெரிசா மூச்சு விடினம். எனக்குச் சரியான பயம். அதான் செருப்பை விட்டிட்டு ஓடினனான்." சிவந்துபோன சரிவைப் பார்த்தாள். "நீங்கள் ஏன் எல்லாத்தையும் ஊத்திறியள்?"