செல்லையாண்ணன் வைத்த குழை

செந்துறை பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே டீக்கடைக்காரர் சொல்லிவிட்டார்: "ஒங்க சிலோன்கார அண்ணன் காலையில தவறிப்போயிட்டாருங்க." கையிலிருந்த பையை எங்கே வைத்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

எங்கள் முந்திரித்தோப்பில் அவரோடு கொட்டை பொறுக்கிய நீங்கள் எல்லாரும் செல்லையாண்ணனை அறிவீர்கள். சிலோனில் சண்டை மூண்ட பிறகு அகதியாக வந்து, எங்கள் தோப்புக் கொட்டகையில் தங்கியவர். நான் அவருக்குச் செய்த தப்பு உங்களுக்குத் தெரியாது.

தோப்பு முனையில் கிடந்த கல்லின்மேல் தினமும் காலையில் பச்சைத் தழை இருக்கும். யாரோ புண்ணியவான் என் ஆடுகளுக்கு ஒடித்துப் போடுகிறான் என்று நினைத்து, நேரே அங்கேதான் ஓட்டிப்போவேன். போடுவது செல்லையாண்ணன் என்று தெரிந்ததும், "வேப்பந்தழையா இருந்தா இன்னும் நல்லாத் திங்குங்கண்ணே" என்று அவருக்கே யோசனை வேறு சொன்னேன். சிரித்தார். மறுநாளிலிருந்து வேப்பந்தழை கிடந்தது.

அவர் அந்தக் கல்லைக் கும்பிடுவதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னவள் என் மனைவி. எனக்கு மானமே போய்விட்டது. ஓடிப்போய்க் கேட்டேன்.

அவருடைய ஊர் வன்னிக் காட்டோரம், நாற்பது வீடு. காட்டுவழி தொடங்கும் இடத்தில் ஒரு பிள்ளையார் கோயில். வெளியே போகிறவர்கள் வழித்துணைக்கு ஒரு குழையை, நாம் தழை என்கிறோமே அதை, முறித்து வைத்துவிட்டுத்தான் போவார்களாம். சண்டையில் குண்டு விழுந்து கோயில் தரைமட்டமானது. ஊரே சிதறி ஓடியது.

"அண்டைக்கு நிண்டு குழை முறிக்க ஒருத்தருக்கும் நேரமில்லைத் தம்பி. ஓடின ஓட்டத்தில என்ர மகனைத் தவறவிட்டிட்டன்" என்றார்.

அன்றைக்கு வைக்காத குழையைத்தான், இந்தக் கல்லையே பிள்ளையாராக்கி, மகன் வழிக்காக இங்கே தினமும் வைத்திருக்கிறார். அதைத்தான் என் ஆடுகள் தின்றிருக்கின்றன. அவரே தோளைத் தட்டினார்: "அங்க மாடு திண்டது, இங்க ஆடு திண்ணுது. பிள்ளையார் ஒருநாளும் கோவிச்சதில்லை."

என் மனைவியைப் பிரசவத்துக்குக் கொண்டுபோன மத்தியானம், வண்டியை மறித்து நின்றவரும் அவர்தான். "வழிய வுடுங்கண்ணே, உசுரு போவுது" என்று கத்தினேன். ஒரு குழையைக் கல்லில் வைத்த பிறகே விலகினார். அப்புறம் பஸ் ரோடு வரைக்கும் வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்தார். தாயும் பிள்ளையும் நல்லபடியாகத் திரும்பினார்கள். டாக்டரம்மாவுக்குச் சொன்ன நன்றியில் பாதியாவது அவருக்குச் சொல்லியிருக்கலாம். இப்போது சொல்கிறேன், அண்ணே.

மகனைப் பற்றி அவருக்குக் கடைசிவரை ஒரு சேதியும் வரவில்லை. அவரை எடுத்துப்போனபோது கல்லடியில் பாடையை நிறுத்தச் சொல்லி, அவர் வழிக்கு ஒரு குழை வைத்தேன். மறுநாள் காலையில் கை தானாக இன்னொன்றை ஒடித்தது. அது மகனுக்கு. முகம் தெரியாது, ராசன் என்ற பெயர் மட்டும் தெரியும்.

அவர் விட்டுப்போனதில் எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்த ஒரு வேலையைத்தான். தினமும் வைக்கிறேன். ஆடுகள் வந்து தின்கின்றன. நான் விரட்டுவதில்லை.