பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் இருந்தது?

செய்தியைச் சொன்னவர் செல்வராசு. அதனாலேயே நான் முதலில் நம்பவில்லை.

காலையில் குக்கர் விசிலுக்கு நடுவே போன் அடித்தது. "டீச்சர், நம்ம நிஜாம் பாய் போய்ட்டாங்க" என்றார். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. செல்வராசுக்கும் நிஜாம் பாய்க்கும் வரப்புத் தகராறு என்பது எங்கள் ஊரில் நண்டு நத்தைக்குக்கூடத் தெரியும். அடுத்தடுத்த வயல்காரர்கள். நடு வரப்பை யார் வெட்டிச் சுருக்கியது என்பதில் சண்டை வந்து, நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து இல்லாமல் பல வருஷம் ஓடிவிட்டது. அப்படிப்பட்டவர் 'நம்ம நிஜாம் பாய்' என்கிறார், விம்முகிறார் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? போனை வைத்த கையோடு ஊரில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டேன். "ஆமாக்கா, நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. சாயங்காலம் அடக்கம்" என்றான்.

செய்தி உண்மைதான். அழுகைதான் எனக்கு இடித்தது. கும்பகோணத்தில் பஸ் ஏறி ஊர் போய்ச் சேரும்வரை அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நம் திரைப்படச் சங்கத்தில் பழைய ஆட்களுக்கு நிஜாம் பாயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புதியவர்களுக்காகச் சொல்கிறேன். கடைசி வரிசையில், கதவோரம், வெள்ளை அரைக்கைச் சட்டையோடு, மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, படம் முடிந்து எல்லோரும் கைதட்டும்போது கட்டிய கையைப் பிரிக்காமல், அவர்தான். பூம்புகார் பக்கத்தில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பம்புசெட் சாமான் கடை வைத்திருந்தார். மாதம் ஒரு சனிக்கிழமை சரக்கு எடுக்கக் கும்பகோணம் வருவார். நாம் படம் போடுவதும் அன்றைக்கே என்பதால் நான்தான் கூப்பிட்டேன். வாசலிலேயே நின்று, "டிக்கெட் இல்லாம ஏன் காட்றீங்க?" என்று கேட்டார். "சும்மாதான் பாய், நாலு பேரு நல்ல படம் பாக்கட்டும்னு" என்றேன். "சும்மாவா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே வந்து உட்கார்ந்தாலும், எதையாவது தன் தலையில் கட்டிவிடுவார்களோ என்று கடைசிவரை காத்திருந்ததாகப் பிறகு சொன்னார்.

அவருக்குச் சந்தேகம் என்பது மூச்சு விடுவதைப் போல. காபி வந்தால் சிக்கரி எவ்வளவு என்று மோந்து பார்ப்பார். டாக்டர் மாத்திரை எழுதினால், அது சரிதானா என்று கேட்க இன்னொரு டாக்டரிடம் போவார். தன் சரக்கையே நம்பமாட்டார். யாராவது பம்புக் குழாயின் அடியில் மாட்டும் ஃபுட் வால்வு கேட்டால் அதில் தண்ணீரை ஊற்றி ஒரு காகிதத்தின் மேல் நிறுத்திவிட்டு, "போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்பார். காகிதம் நனைந்திருந்தால் விற்கமாட்டார். "புதுசுதானே பாய்?" என்றால், "புதுசு, அதான் சந்தேகம்" என்று பதில் வரும். என் பணி ஓய்வு விழாவுக்கு வந்து, ஒருவர் விடாமல் என்னைப் புகழ்ந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, என் காதருகே வந்து, "இதுல உங்கள நெசமாவே சகிச்சிக்கிட்டவங்க எத்தன பேரு?" என்று கேட்டவர் அவர். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மேடையில் சொன்னது எதுவும் இப்போது நினைவில் இல்லை, அந்தக் கேள்வி இருக்கிறது.

ஒருமுறை கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு போர்ப் படம் போட்டோமே, உங்களில் பலர் இருந்தீர்கள். வெளிநாட்டுப் படம், கறுப்பு வெள்ளை. தோற்றுப் பின்வாங்கும் ஒரு படையின் கதை. அதில் ஒரு சிப்பாய், பாலத்தின் நடுவில் குண்டடிபட்டுக் கிடக்கும் நண்பனுக்காகத் திரும்பி ஓடுவான். சுற்றிலும் தோட்டா பறக்கும். தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்ததும் கூடமே கைதட்டியது. அப்புறம் அந்தக் காட்சி, ஒரு வயதான சார்ஜென்ட் பதுங்குகுழியில் செத்துக்கொண்டிருக்கும் எதிரிப் பையனின் தலையை மடியில் வைத்து, தன் தண்ணீர்க் குப்பியை அவன் உதட்டில் சாய்ப்பார். வயலின் ஓங்கி எழும். முன்வரிசையில் யாரோ தேம்பினார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் கண் கலங்கியது.

படம் முடிந்து பேச்சு தொடங்கியது. வீரம், கருணை, மனிதம் என்று ஆளாளுக்குப் பேசினோம். நிஜாம் பாய் கை தூக்கினார்.

"பாலத்துல ஓடுனவன் ஒரு தடவகூட திரும்பிப் பாக்கல. பயமே இல்லாதவன் ஓடுனா அது ஓட்டப் பந்தயம்தானே?"

சிலர் சிரித்தார்கள். அவர் உட்காரவில்லை.

"அந்தத் தண்ணி பாட்டிலு. அதுல எவ்வளவு தண்ணி இருந்துச்சு? காட்டுனாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "அதுவா பாய் முக்கியம்?" என்றேன்.

"அது ஒண்ணுதான் டீச்சர் முக்கியம். முழுசா இருந்தா அது உபசாரம். பாதி இருந்தா தயவு. கடைசி மடக்குன்னா..." என்று நிறுத்தி, கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியாது. வயலின் சத்தத்துல அவன் பாட்டில மறைச்சிட்டான்."

நல்ல படத்தைக் கெடுத்துவிட்டார் என்று அன்று பலருக்கும் வருத்தம். மனசே இல்லாத மனுஷன் என்று ஒருவர் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது, "ஒரு காட்சியுமா பிடிக்கல?" என்று கேட்டேன். பிடித்த காட்சி ஒன்று இருந்தது. தாக்குதலுக்கு முன் வரிசையில் நிற்கும் ஒருவனுக்குக் கை நடுங்கும், கோட்டுப் பொத்தானைப் போட முடியாது. பக்கத்தில் நிற்பவன் அவன் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டி அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டு, மறுபடி நேராகப் பார்த்து நிற்பான். அவ்வளவுதான் காட்சி. "போட்டுவிடறானே, அவன் கையும் நடுங்குது. நீங்க பாத்திருக்க மாட்டீங்க. அந்நேரம்தான் மண்டபத்துக்காரன் டீ வந்துடுச்சுன்னு லைட்டப் போட்டான்" என்றார். உண்மைதான், நான் பார்க்கவில்லை.

நிஜாம் பாய் இளவயதில் வளைகுடாவில் வேலை பார்த்தவர். அங்கே போர் வந்தபோது பாலைவனத்தைத் தாண்டி வந்தவர் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கேட்டால், "பஸ்லதான் வந்தோம், ஏசி வேலை செய்யல" என்று முடித்துவிடுவார். அன்று பஸ் ஸ்டாண்டில்தான் கொஞ்சம் வாயைத் திறந்தார். எல்லையில் முகாமில் கிடந்தபோது தண்ணீர் வண்டி வரவில்லையாம். வெயிலில் சுருண்டு கிடந்தவரிடம் முன்பின் தெரியாத ஒரு ஆள், பாஷையும் தெரியாத ஆள், ஒரு பாட்டிலை நீட்டினாராம்.

"வாங்கிக் குடிச்சேன். அதுல எவ்வளவு இருந்துச்சு, அந்த ஆளுக்கு மிச்சம் இருந்துச்சா, எதையும் பாக்கல. நிமிந்து பாத்தா ஆளக் காணோம். ஏன் குடுத்தான்னு இன்னி வரைக்கும் சந்தேகமா இருக்கு டீச்சர்."

சொல்லிவிட்டு, சில்லறை சரியாக இருக்கிறதா என்று எண்ணத் தொடங்கிவிட்டார்.

இனி, ஊரில் தண்ணீர் இல்லாமல் போன ஒரு வருஷத்துக்கு வருகிறேன். ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்து, சீக்கிரம் நிற்கப் போகிறது என்று அறிவித்துவிட்டார்கள். எங்கள் ஊர் கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக எட்டும் இடம். கடல் பக்கம் என்பதால் போர்வெல் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். வாய்க்காலில் வருவதை முறை வைத்து, இன்னார் வயலுக்கு இன்ன பொழுது என்று பிரித்துக்கொள்வோம். கடைசி முறை நிஜாம் பாயுடையது. அவர் வயலுக்கு மேலே செல்வராசின் வயல், குத்தகை நிலம். முந்தைய முறையில் செல்வராசுக்குத் தண்ணீர் எட்டவே இல்லை. கதிர் வந்து பால் பிடிக்கிற நேரத்தில் பயிர் வாடி நின்றது. அந்தப் பயிர் போனால் குத்தகையும் கையை விட்டுப் போகும், அவருக்கு வேறு பிழைப்பும் கிடையாது. நிஜாம் பாயின் தண்ணீர் செல்வராசின் மடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்ள அவருக்கு ஒரு மண்வெட்டி வெட்டு போதும். மண்டை உடையப் போகிறது என்று ஊரே காத்திருந்தது. பொங்கலுக்குப் போயிருந்த நானும் இருந்தேன்.

பிள்ளையார் கோவில் வாசலில் கூடியிருந்தோம். நிஜாம் பாய் வந்து, "என் வயல்ல ஈரம் கெடக்கு. என் முறைய செல்வராசுக்கு விட்டுடுங்க" என்றார்.

ஒருவரும் நன்றி சொல்லவில்லை. "பாய் சும்மா விடற ஆளு கெடையாதே" என்றார் ஒருவர். தண்ணீரைக் கொடுத்துவிட்டு வரப்பு தன்னுடையது என்று எழுதி வாங்கப் போகிறார் என்றார் இன்னொருவர். செல்வராசின் முகம் கறுத்துப்போனது. "எனக்கு யாரு பிச்சையும் வேணாம்" என்றார். "பிச்ச போடறதுக்கு நான் என்ன கோடீஸ்வரனா? வேணாத தண்ணிய என்ன பண்றது?" என்று இவரும் கத்தினார். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் சொல்லித்தான் செல்வராசு மண்வெட்டியை எடுத்தார். நான் தனியாகப் போய், "என்ன பாய் கணக்கு?" என்றேன். "கணக்கு இல்லாம எவனாவது குடுப்பானா? கண்டுபிடிங்க பாப்போம்" என்றார்.

செல்வராசின் வயல் விளைந்தது. நிஜாம் பாய் தன் பயிரைப் பச்சையாகவே அறுத்து மாட்டுத் தீவனத்துக்கு விற்றுவிட்டார். தீவனத்துக்கு அப்போது நல்ல கிராக்கி. "பாத்தியா, மொதல்லயே தெரிஞ்சிருக்கு" என்று ஊர் மூக்கில் விரல் வைத்தது. இதுதான் கணக்கு என்று நானும் நம்பினேன். அவர் வயல் கடைசி. அதற்கு அப்பால் கருவைக்காடும் உப்பனாறும்தான். யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அடக்கத்தன்று பாயின் உடலைப் பள்ளிவாசலுக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு, நான் தெருமுனை டீக்கடைப் பக்கம் நின்றிருந்தேன். மண் போட்டுவிட்டுத் திரும்பி வந்த செல்வராசு நேரே என்னிடம் வந்தார். கை கழுவியிருக்கவில்லை.

"நான் அழுவுறத எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க டீச்சர். உங்ககிட்டயாவது சொல்லிடறேன். அன்னிக்கு எனக்கும் சந்தேகம்தான். ஈரம் கெடக்குன்னாரே, நெசமான்னு பாக்கப் போனேன். வயலு வெடிச்சுக் கெடக்கு. கால் உள்ள போற வெடிப்பு."

"பாய் இருந்தாரா?"

"வரப்புல நின்னாரு. நாங்க சண்ட போடற அதே வரப்பு. 'என்ன பாய் இது'ன்னேன். 'ஒன் பயிருக்கு ஒரு தண்ணி போதும், பொழைச்சிக்கும். எனக்கு ரெண்டு தண்ணி வேணும், வராது. பங்கு போட்டா ரெண்டும் சாவும். போயி மடையத் தெற'ன்னாரு. 'வெளிய சொல்லாத, அப்புறம் என்னை நல்லவன்னு நெனச்சிக்கிட்டு ஊரே கடனுக்குச் சாமான் கேக்கும்'னாரு."

மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"போயித் தெறந்தேன் டீச்சர். பாத்துட்டுத்தான் தெறந்தேன். மறு வாரமே வரப்ப அளக்கணும்னு கடத்தெருவுல நின்னு என்னைத் திட்டுனாரு. நானும் திட்டுனேன். அவரு சந்தோஷமா போனாரு."

நிஜாம் பாயோடு பழகிய தோஷம், செல்வராசு சொன்னதையும் நான் அப்படியே நம்பிவிடவில்லை. அந்த வருஷம் பாயின் பயிரை அறுத்த பெண்ணை விசாரித்தேன். "அதுல ஏதும்மா நெல்லு? கதிரே வெளிய வரல. தீவனத்தக்கூட பாதி விலைக்குத்தான் கேட்டாங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. தெருவில் நின்றே அழுதேன். பார்த்தவர்களுக்கு என்மேலும் சந்தேகம் வந்திருக்கும்.

அது கருணையா, ஒரு பயிராவது மிஞ்சட்டும் என்ற கணக்கா, அல்லது முகாமில் பாட்டிலை நீட்டிய ஆள் ஏன் நீட்டினான் என்று தானே நீட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் முயற்சியா? எனக்கு மூன்றின் மேலும் சந்தேகம் இருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அஞ்சலிக் கூட்டத்துக்கு அடித்த ஃபிளக்ஸில் வழக்கம்போல 'வள்ளல்' என்று போட்டிருந்தார்கள், நான்தான் எடுக்கச் சொன்னேன்.

அடுத்த மாதம் அதே போர்ப் படத்தை மறுபடி போடுகிறோம். பொத்தான் காட்சியில் லைட்டைப் போடக்கூடாது என்று மண்டபத்துக்காரரிடம் சொல்லிவிட்டேன். கதவோர நாற்காலிக்குச் செல்வராசு வருகிறார், நானே கூப்பிட்டேன். "சும்மாவா காட்றீங்க?" என்று அவரும் கேட்டார்.

நிஜாம் பாய் எனக்கென்று விட்டுப்போனது, பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்ற அந்த ஒரு கேள்விதான். சார்ஜென்ட் குப்பியைச் சாய்க்கும்போது நீங்கள் எல்லோரும் கைதட்டுங்கள், தப்பில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு குப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசி மடக்கென்றால் அதற்கு என்ன பேர் என்று தெரியாது என்றீர்களே பாய், உங்கள் வயலில் அது நடந்து முடிந்த பிறகும், எனக்கும் தெரியவில்லை.