சரியக்கா வீட்டுத் தொலைபேசி

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் அந்த அம்மாளுக்குச் சரியக்கா என்று பெயர் வைத்தது கடை முதலாளிதான். எதைச் சொன்னாலும் "சரி" என்பார். இந்த மாதம் லீவு கிடையாது என்றால் சரி. முடித்த கண்ணாடியை முதலிலிருந்து செய்யச் சொன்னாலும் சரி. "கடை தீப்பிடிச்சு எரியுது, ஓடி வாங்கன்னு கத்தினாகூட, கையில இருக்கிற லென்ஸை முடிச்சுட்டு சரின்னுதான் சொல்லுவாங்க" என்று முதலாளி வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சரியக்காவும் ஒப்புக்குச் சிரித்து வைப்பார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் இரண்டு தடவை கூடி வந்து தட்டிப் போனது. இருபத்தாறு வருஷமாக அதே பின்னறை, அதே ஸ்டூல். லென்ஸின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினால் போதும், ஃப்ரேமில் உட்காருமா உட்காராதா என்று சொல்லிவிடுவார். வீட்டில் கூட இருந்தது அண்ணன் ஒருவர்தான்.

அண்ணன் லாரி ஓட்டியவர். வாய் ஓயாத மனிதர். மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் அதோடு போயிற்று. "ஆச்சு" என்ற ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியது. சாப்பிட்டாலும் ஆச்சு, பசித்தாலும் ஆச்சு, கோபம் வந்தாலும் ஆச்சு. எந்த ஆச்சு எதற்கு என்பது தங்கைக்கு மட்டும்தான் தெரியும். அவர் விழுந்த முதல் மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் சரியக்கா அழுது தீர்த்தார். அதற்கப்புறம் நல்லதோ கெட்டதோ எதுவும் மனசில் ஏறவில்லை. எழுந்தார், அண்ணனைக் குளிப்பாட்டினார், சமைத்தார், வேலைக்குப் போனார், வந்தார்.

வீட்டுத் தொலைபேசியில் பெரிய பொத்தான் ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் நேரே கடைக்கு மணியடிக்கும். அண்ணனுக்குக் கைபேசி கொடுத்துப் பார்த்தார், தொடுதிரையில் அவர் விரல் நிற்கவில்லை. இந்தப் பொத்தான் பழகிவிட்டது. தினமும் மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டு முடித்ததும் இடக்கையால் அழுத்துவார். முதலாளி எடுத்து, பின்னறைப் பக்கம் ரிசீவரை நீட்டுவார்.

"ஆச்சு" என்பார் அண்ணன்.

"சரி" என்பார் தங்கை.

அவ்வளவுதான் பேச்சு.

பழைய கம்பி இணைப்பை நிறுத்தப் போகிறோம், எல்லாரும் இன்டர்நெட் தொலைபேசிக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று தொலைபேசி ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. சரியக்கா கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். ஒரு காலை வேளையில் இணைப்புக்காரர் வந்தார். சுவரிலிருந்த பழைய சாக்கெட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஜன்னலோரத்தில் வெள்ளைப் பெட்டி ஒன்றை மாட்டி, தொலைபேசியை அதில் செருகினார். சரியக்கா அப்போது அண்ணனின் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். கடைக்கு ஏற்கெனவே கால் மணி நேரம் தாமதம்.

"அக்கா, இது பழசு மாதிரி இல்ல. முன்னாடி அந்தக் கம்பியிலயே கரண்ட் வந்துடும். இப்ப வீட்ல கரண்ட் போச்சுன்னா பெட்டி அணைஞ்சிடும், ஃபோனும் வேலை செய்யாது. அதுக்குன்னு பேட்டரி இருக்கு. வேணும்னா ஆபீசுக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லுங்க, வந்து மாட்டுறேன்."

"சரி."

"பச்சை லைட் எரியுதான்னு பார்த்துக்குங்க."

"சரி."

அவர் காட்டிய இடத்தில் சரியக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, வாசல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பது நாள் எந்தக் குறையும் இல்லை. பத்தாவது நாள் தெருவில் கரண்டை நிறுத்திவிட்டு மின்கம்பம் மாற்றினார்கள். கடை இருந்தது வேறு பேட்டையில், அங்கே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மணி ஒன்று ஆயிற்று, ஃபோன் வரவில்லை. ஒன்றேகாலுக்குச் சரியக்காவே கைகழுவிக்கொண்டு வந்து வீட்டுக்கு அடித்தார். நீங்கள் அழைக்கும் எண்ணைத் தற்போது தொடர்புகொள்ள இயலவில்லை என்று ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொன்னது.

"என்னவாம்?" என்றார் முதலாளி.

"புது லைன். ஏதோ கோளாறு போல."

பழைய தொலைபேசியாக இருந்து, மணியடித்துக்கொண்டே இருந்து, யாரும் எடுக்கவில்லை என்றால் விழுந்தடித்து ஓடியிருப்பார். அந்தக் குரல் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டதால் வந்து உட்கார்ந்துவிட்டார். அன்று மூன்று கண்ணாடிகள் அவசரம்.

ஐந்தரைக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது மின்சாரம் வந்திருந்தது. மின்விசிறி ஓடியது, பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அண்ணன் கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவே தரையில் கிடந்தார். தொலைபேசி அவரோடு சேர்ந்து கீழே விழுந்திருந்தது. ரிசீவர் இடக்கையில் இருந்தது. தொலைபேசியின் பெரிய பொத்தான் உள்ளே அழுந்தி, மேலே எழும்பாமல் சிக்கிக்கொண்டிருந்தது. எத்தனை தடவை அழுத்தினாரோ. தங்கையைப் பார்த்தார்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. எவ்வளவு நேரம் கிடந்தார் என்று டாக்டர் கேட்டார். "நாலு மணி நேரத்துக்கு மேல இருக்கும்" என்று கடையில் கண்ணாடிப் பவர் சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்கிற குரலில் சொன்னார் சரியக்கா. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து, "உங்க மேல தப்பே இல்லக்கா, மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க" என்றார். சரியக்காவின் மனசு உழப்பிக்கொள்ளவே இல்லை. மரக்கட்டைபோல் இருந்தது. அதுதான் அவருக்கே வினோதமாகப் பட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் எத்தனை ஓடுகள் என்று எண்ணிக்கொண்டிருந்தார். நூற்றுப் பன்னிரண்டு.

வீட்டுக்குத் திரும்பிய அண்ணனிடம் அந்த ஒரு வார்த்தையும் இல்லை. மூளையில் புதிதாகப் பாதிப்பு ஒன்றும் இல்லை, அதிர்ச்சிதான், வரலாம் வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

சரியக்கா பேட்டரிக்குச் சொல்லியனுப்பினார். அதே இணைப்புக்காரர் வந்தார். கட்டிலைப் பார்த்தார், கட்டிலோரத்தில் புதிதாகப் போட்டிருந்த தடுப்புக் கம்பியைப் பார்த்தார். குனிந்து வேலையைத் தொடங்கினார். சரியக்கா பக்கத்தில் போய் நின்றார்.

"அன்னைக்கு நீங்க வந்தப்போ, கரண்ட் போனா ஃபோனும் போயிடும்னு என்கிட்ட சொன்னீங்களா?"

அவர் திருகாணி முடுக்குவதை நிறுத்தினார். "சொல்லாம எந்த வீட்டை விட்டும் கிளம்ப மாட்டேங்கா. கையெழுத்து வாங்கணும்ல." பையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். "இதோ."

சரியக்காவின் கையெழுத்துதான். கடைக்குத் தாமதமாகிவிட்ட அவசரம் அதில் தெரிந்தது. இல்லக்கா, அன்னைக்கு மறந்துட்டேன் என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று இத்தனை நாளும் உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்திருக்கிறது. அது இருந்ததே இப்போதுதான் சரியக்காவுக்குத் தெரிந்தது. கோபம் வருமா, அழுகை வருமா என்று சற்று நேரம் தாளைப் பிடித்தபடி காத்திருந்தார். இரண்டும் வரவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"பேட்டரிக்குக் காசு கட்டின பிறகு, முன்னாடியே சொன்னீங்களான்னு ஒருத்தரும் கேட்டதில்லக்கா இப்படி" என்றார் அவர் மெதுவாக. பிறகு தானே போய் மெயின் சுவிட்சை அணைத்தார். மின்விசிறி நின்றது. பெட்டியின் விளக்கு எரிந்தபடியே இருந்தது. "இனிமே எட்டு மணி நேரம் தாங்கும். பார்த்தீங்களா, ஐயா?" என்று அண்ணனையும் கூப்பிட்டுக் காட்டினார். அண்ணன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதுத் தொலைபேசி வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கை எட்டுகிற மாதிரி வைத்தாயிற்று. ஆனால் அண்ணன் அதன் பொத்தானைத் தொடுவதில்லை. அதனால் சரியக்காவே பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் மூன்றுக்கும் அழைக்கிறார். முதலாளி பின்னறையில் மெஷினுக்கு அருகே தனி ஃபோன் வைத்துக் கொடுத்திருக்கிறார். நாலைந்து தடவை மணியடித்த பிறகு எடுக்கப்படும். மூச்சு மட்டும் கேட்கும். "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டுப் பார்த்தார். முதல் வாரம் அண்ணன் உடனே ரிசீவரை வைத்துவிடுவார்.

பேசாமல் ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருக்க மனசில்லாமல் ஒரு நாள் சரியக்கா வாயில் வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். ஒருவர் தன் சம்சாரத்தின் கண்ணாடியை மாற்றி மாட்டிக்கொண்டு வந்து பவர் ஏறிவிட்டது என்று சண்டை போட்ட கதை. சிரிப்பில்லாமல், செய்தி வாசிப்பதுபோல்தான் சொன்னார். அந்தப் பக்கம் மூச்சு நின்று கேட்பதுபோல் இருந்தது, அல்லது அவருக்கு அப்படிப் பட்டது. கதை முடிந்த பிறகுதான் ரிசீவர் வைக்கப்பட்டது.

இப்போது தினமும் ஒன்று சொல்கிறார். சொல்ல ஒன்றும் இல்லாத நாளில், மேஜையில் வரிசையாக இருக்கும் பவர் சீட்டுகளை எடுத்து, யாருக்கு எந்தக் கண்ணில் என்ன பவர் என்று படித்துக் காட்டுகிறார். அதையும் அண்ணன் கடைசிவரை கேட்கிறார். பிறகு சரியக்கா மெஷினைப் போட்டு, அடுத்த லென்ஸை எடுத்துக்கொள்கிறார்.